கிணற்றடி வாயுவில் ஊருக்கு மின்சாரம்: சிறு எரிவாயு மின்நிலையத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய போலகத்தில் ஒரு சின்ன மின்நிலையம் இருக்கிறது. மொத்தத் திறன் 32.5 மெகாவாட். அதில் வாயு டர்பைன் தருவது 22.9. அந்த டர்பைனின் சூடான புகையில் நீராவி தயாரித்து, அதில் இன்னொரு டர்பைனை ஓட்டி 9.6 எடுக்கிறார்கள். வடசென்னையில் உள்ள 600 மெகாவாட் அலகு ஒன்றோடு ஒப்பிட்டால் இது பதினெட்டில் ஒரு பங்கு. ஆனால் நரிமணம் பக்கத்துக் கிணறுகளில் வரும் வாயுவை எரித்து, 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து சுமார் 2 லட்சம் பேர் வாழும் காரைக்கால் பகுதிக்கு இந்தச் சின்ன நிலையம் மின்சாரம் தந்திருக்கிறது. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி என்று வயலும் ஊரும் கலந்த பகுதி அது.

இந்த வழிகாட்டி இப்படிப்பட்ட நிலையங்களைப் பற்றியது: ஏறக்குறைய 5 முதல் 30 மெகாவாட் வரை, பக்கத்துக் கிணற்று வாயு, பக்கத்து ஊர்களுக்கு மின்சாரம். திட்டம் போடுகிறவருக்கும், திட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவது என்று யோசிக்கிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும். காவிரி டெல்டாவின் தமிழ்நாட்டுப் பகுதியில் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டப்படி புதிதாக எண்ணெய், வாயுக் கிணறு தோண்ட முடியாது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளின் வாயுவை வைத்துத்தான் இங்கே எதையும் யோசிக்க முடியும். அசாம், திரிபுரா, ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் நிலைமை வேறு.

1. முதலில் வாயுக் கணக்கு

பெரும்பாலானவர்கள் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். "எத்தனை மெகாவாட்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை கன மீட்டர் வாயு? இரண்டாவது, எத்தனை ஆண்டுக்கு?

கணக்கு எளிதுதான். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவின் நிகர வெப்பத்தை 8,600 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் திறமை 100 சதவீதமாக இருந்தால் ஒரு கன மீட்டரில் 10 யூனிட் கிடைக்க வேண்டும். அப்படி ஒரு இயந்திரம் உலகத்தில் கிடையாது. 40 சதவீதத் திறமையில் 4 யூனிட் கிடைக்கும், 28 சதவீதத்தில் 2.8 யூனிட். எந்தத் திட்ட அறிக்கையையும் இந்த ஒரு வரிக் கணக்கில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு, 5 மெகாவாட்டை நாள் முழுக்க ஓட்டினால் 1,20,000 யூனிட். 40 சதவீதத் திறமைக்கு 30,000 கன மீட்டர் வாயு வேண்டும். 32.5 மெகாவாட்டை முழு லோடில் ஓட்ட ஒரு நாளைக்குச் சுமார் 1.95 லட்சம் கன மீட்டர் தேவைப்படும். உங்களுக்குக் கிடைப்பதாகச் சொல்லும் வாயு 1 லட்சம்தான் என்றால், 32 மெகாவாட் என்று வாசலில் பலகை வைப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. வாயுக் கிணறு ஆண்டுக்கு ஆண்டு வற்றும். ஆண்டுக்கு 10 சதவீதம் குறைகிறது என்று வைத்தால் ஏழே ஆண்டில் பாதிக்கும் கீழே வந்துவிடும். மின்நிலையத்தின் ஆயுள் 25 ஆண்டு. கிணறு வற்றுவதும் இயந்திரம் தேய்வதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அதனால் வாயு தரும் நிறுவனத்திடம் இன்றைய உற்பத்தியை மட்டும் கேட்டால் போதாது. மீதமிருக்கும் இருப்பு எவ்வளவு, ஆண்டுவாரியாக எப்படிக் குறையும் என்ற அட்டவணையை வாங்குங்கள். அதை அவர்களுக்குத் தொடர்பில்லாத ஒரு நிலத்தடிப் பொறியாளரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவு ஆகாது.

நாட்டுக்கே நடந்த பாடம் இது. கிருஷ்ணா–கோதாவரி கடற்பகுதியின் கே.ஜி. டி6 வயலில் 2009-இல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே ஒரு நாளைக்கு 6 கோடி கன மீட்டர் என்ற உச்சத்தை நெருங்கியது. அதை நம்பி வரிசையாக மின்நிலையங்கள் எழுந்தன. பிறகு உற்பத்தி சடசடவென்று இறங்கியது. இன்று இந்தியாவில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு நிலையங்கள் இருந்தும் அவற்றில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. டெல்டாவிலும் ராமநாதபுரத்திலும் தமிழ்நாடு மின்வாரியம் கட்டிய கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் நிலையங்களின் அலகுகள் (வழுதூரில் மட்டும் இரண்டு) ஒவ்வொன்றும் சுமார் 100 மெகாவாட் அளவுள்ளவை. ஒவ்வொன்றிலும் பெரிய வாயு டர்பைன் ஒன்று, அதோடு இணைந்த நீராவி டர்பைன் ஒன்று. வாயு குறைந்தால் பாதி லோடில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும். அந்த அமைப்பில் வேறு வழி கிடையாது.

ஆகவே என் கணக்கு இதுதான்: ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு வாயு வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அந்த அளவுக்கு நிலையத்தைத் திட்டமிடுங்கள். முதல் சில ஆண்டுகளில் வரும் கூடுதல் வாயுவைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு விற்க வாய்ப்பிருக்கிறதா என்று பாருங்கள்.

2. வாயுவின் குணம்

அளவு தெரிந்த பிறகு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். ஒரு மாதிரி போதாது. வெவ்வேறு மாதங்களில், ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை: மீத்தேன் எத்தனை சதவீதம், புரொப்பேன், பியூட்டேன் போன்ற கனமான வாயுக்கள் எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் எவ்வளவு, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா, நீராவி எவ்வளவு, வெப்ப மதிப்பு என்ன. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவில் கனமானவை அதிகம் இருக்கும். சூடு அதிகம் தருகிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது, என்ஜினில் இவைதான் 'நாக்கிங்' (வாயு முறைதவறி வெடித்து எரிந்து என்ஜினை உதைப்பது) உண்டாக்கும். அதற்கென்று மீத்தேன் எண் என்ற ஓர் அளவு இருக்கிறது. அந்த எண் குறையக் குறைய, என்ஜின் தயாரிப்பாளர் லோடைக் குறைத்து ஓட்டச் சொல்வார். மறுபுறம், ஜெய்சல்மேர் மாவட்டத்தின் ராம்கர் நிலையத்துக்கு வருவது வெப்ப மதிப்பு குறைந்த வாயு. அப்படிப்பட்ட வாயுவுக்குப் பர்னரும் வால்வும் அதற்கேற்ப வடிவமைக்கப்பட வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாயுவை விற்பவர் மொத்த வெப்ப மதிப்பில் பில் போடுவார். இயந்திரம் விற்பவர் நிகர வெப்ப மதிப்பில் திறமையைச் சொல்வார். இரண்டுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் வித்தியாசம். இரண்டையும் கலந்து கணக்கிட்ட திட்ட அறிக்கைகள் காகிதத்தில் லாபம் காட்டும்.

3. ஊரின் லோடு

வீட்டுக்கு இத்தனை வாட், தெருவிளக்குக்கு இத்தனை என்று பெருக்கிக் கூட்டுவதை விட்டுவிடுங்கள். துணை மின்நிலையத்தில் மணிக்கு ஒருமுறை குறித்து வைக்கும் பதிவேடு இருக்கும். அங்கிருந்து ஊர்களுக்குப் பிரிந்து போகும் மின்பாதைகளான ஃபீடர்களின் 12 மாதப் பதிவை எடுத்தாலே உண்மை நிலவரம் தெரிந்துவிடும். கிராமப்புற ஃபீடரில் மாலை ஆறரைக்கு மேல் ஏறி இரவு பத்து மணிக்குப் பிறகு இறங்கும் ஒரு மேடு இருக்கும். பகலில் பம்ப்செட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் இன்னொரு மேடு. நள்ளிரவுக்குப் பின் பள்ளம். கோடையில் இரவுப் பள்ளமும் ஏ.சி.யால் நிரம்பிவருகிறது.

உச்ச லோடு 6 மெகாவாட், நள்ளிரவில் 2 மெகாவாட், சராசரி 3.6 என்று வைத்துக்கொள்வோம். சராசரிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வாயு 21,600 கன மீட்டர். ஆனால் கிணறு மாலையில் அதிகமாகவும் நள்ளிரவில் குறைவாகவும் வாயு தராது. அது 24 மணி நேரமும் ஒரே சீராக ஓடவே விரும்பும். வாயு ஒப்பந்தத்திலும் "எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவ்வளவுக்குப் பணம்" என்ற விதி இருக்கும். சீராக வரும் வாயுவும் ஏறி இறங்கும் ஊர் லோடும் தாமாகச் சேராது. நடுவில் மாநில மின்தொகுப்பு இருந்தால்தான் சேரும்: இரவில் மிஞ்சுவதைத் தொகுப்பு வாங்கிக்கொள்ளும், மாலையில் பற்றாததைக் கொடுக்கும். தொகுப்போடு இணையாமல் ஊரை மட்டும் நம்பி நிலையம் கட்டினால் பாதி வாயுவை எரிகம்பத்தில் கொளுத்த நேரும்.

பம்ப்செட் மோட்டார்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை கிளம்பும்போது இயல்பான கரன்டைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். பவர் ஃபேக்டரும் (இழுக்கும் கரன்டில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு) மோசம். ஃபீடர்களில் கெப்பாசிட்டர் வைக்காமல் விட்டால், ஜெனரேட்டர் மெகாவாட்டில் காலியாக இருந்தும் கரன்டில் நிரம்பிவிடும்.

4. டர்பைனா, என்ஜினா?

இந்த வழிகாட்டியில் நான் ஒரு பக்கம் சாய்வேன் என்றால் இங்கேதான்.

போலகத்தில் இருப்பதுபோன்ற 20–25 மெகாவாட் வகைச் சிறிய வாயு டர்பைன் தனியாக ஓடினால் சுமார் 28 சதவீதத் திறமை தரும். மீதியெல்லாம் 500 டிகிரிக்கு அருகில் உள்ள புகையாக வெளியே போகும். அந்தச் சூட்டைக் கழிவுவெப்பக் கொதிகலனில் பிடித்து நீராவி டர்பைனுக்குக் கொடுத்தால் மொத்தம் 40 சதவீதத்தைத் தொடலாம். இதுதான் இணைசுழற்சி. பெரிய நிலையங்களில் இதே முறை 60 சதவீதத்தை எட்டுகிறது. சிறிய அளவில் அந்த எண்ணை எதிர்பார்க்காதீர்கள்.

வாயு என்ஜின் பிஸ்டன் வைத்த இயந்திரம், ஸ்பார்க் பிளக்கில் எரிவது. 5 முதல் 10 மெகாவாட் அளவுள்ள இன்றைய என்ஜின்கள் தனியாகவே 42 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. கொதிகலன், கன்டென்சர் (நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலம்), கூலிங் டவர் எதுவும் இல்லாமலே சிறிய இணைசுழற்சி நிலையத்தின் திறமை கிடைத்துவிடுகிறது.

அடுத்தது அழுத்தம். டர்பைனுக்கு வாயு 15 முதல் 25 பார் அழுத்தத்தில் வர வேண்டும். கிணறு பழசாகும்போது அழுத்தம் இறங்கும். அப்போது பூஸ்டர் கம்ப்ரசர் வைக்க வேண்டும், அதுவே தயாரித்த மின்சாரத்தில் ஒரு பங்கைத் தின்னும். என்ஜினுக்குச் சில பார் போதும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். டர்பைனின் பெயர்ப்பலகைத் திறன் 15 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. நம் ஊரில் அந்தக் குளிர் மார்கழி விடியலில்கூட வராது. 35 டிகிரியில் காற்று லேசாகிவிடுவதால் திறன் 12 முதல் 15 சதவீதம் வரை குறையும், ஊர் மின்சாரம் அதிகம் கேட்கும் அதே நேரத்தில். காற்றை நீர் தெளித்துக் குளிர்விக்கலாம்தான், ஆனால் கடலோர ஈரக்காற்றில் அதன் பலன் குறைவு. என்ஜினையும் வெயில் பாதிக்கும், ஆனால் இவ்வளவு இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், சிறு அலகுகளாகப் பிரித்துக்கொள்ளும் வசதி. 20 மெகாவாட் டர்பைன் ஒன்றுக்குப் பதில் 4 மெகாவாட் என்ஜின் ஐந்து. ஒன்று பழுதானால் நான்கு ஓடும். வாயு பாதியானால் இரண்டையோ மூன்றையோ முழு லோடில், முழுத் திறமையில் ஓட்டலாம். டர்பைனைப் பாதி லோடில் ஓட்டினால் திறமை கடுமையாக விழும். அசாமின் லக்வாவில் பழைய வாயு டர்பைன்களுக்கு மாற்றாக 2018-இல் வைத்தவை இப்படிப்பட்ட என்ஜின்கள்தான். ஏறக்குறைய 10 மெகாவாட் வீதம் ஏழு, மொத்தம் 69.755 மெகாவாட்.

என்ஜின் தரப்பில் குறைகளும் உண்டு. ஸ்பார்க் பிளக், எண்ணெய், ஃபில்டர் என்று ஓயாத கைவேலை இருக்கிறது. சத்தமும் அதிர்வும் அதிகம். எரியாமல் புகையோடு நழுவும் மீத்தேன் டர்பைனைவிடக் கூடுதல். அந்த மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடாக்கும் வாயு என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தனியாக ஓடும்போது திடீரென்று பெரிய லோடை ஏற்றினாலும் வாயு என்ஜின் தடுமாறும், படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். வாயுவில் கனமானவை நிறைய இருந்தாலோ, பக்கத்தில் ஆலை ஒன்று நீராவி கேட்டாலோ டர்பைன் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. மற்றபடி 30 மெகாவாட்டுக்குக் கீழே என் ஓட்டு என்ஜினுக்குத்தான்.

5. இடமும் தண்ணீரும்

கிணற்றுக்கும் துணை மின்நிலையத்துக்கும் நடுவில், வெள்ளம் ஏறாத மேட்டில், ஊரிலிருந்து விலகி. இதைச் சொல்வது எளிது, டெல்டாவில் மேடு தேடுவதுதான் பாடு. தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை முன்பு வந்த பெரிய வெள்ளத்தின் மட்டத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். உயர்த்திய தரை பக்கத்து வயலின் வடிகாலை அடைத்துவிடக் கூடாது. ஊர்க்காரர்களோடு முதல் சண்டை பெரும்பாலும் அதில்தான் தொடங்கும்.

இணைசுழற்சி என்றால் தண்ணீர் வேண்டும். 9.6 மெகாவாட் நீராவி டர்பைனின் கன்டென்சர் வெளியே தள்ளும் சூடு சுமார் 25 மெகாவாட். அதைக் கூலிங் டவரில் ஆவியாக்கித் தள்ள ஒரு நாளைக்கு 9 லட்சம் லிட்டர் ஆவியாகும். கழித்துவிடும் உப்புநீரையும் சேர்த்தால் 10 லட்சத்தைத் தாண்டும். கடைமடையில் காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று விவசாயியே காத்திருக்கும் ஊரில், நிலத்தடி நீரும் உப்பாக இருக்கும் இடத்தில், இந்த 10 லட்சம் எங்கிருந்து வரும் என்பதற்குத் திட்டத்தில் தெளிவான பதில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் வைத்த என்ஜினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடற்கரை என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். உள்ளிழுக்கும் காற்றின் ஃபில்டரில் கஞ்சத்தனம் செய்தால் டர்பைனின் கம்ப்ரசர் பிளேடுகளில் உப்பு படிந்து திறன் மாதாமாதம் கரையும்.

6. அனுமதிகள்

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை. தொகுப்போடு இணைவதற்கான தொழில்நுட்பத் தரத்தைப் பின்பற்றினால் போதும். மற்றவை வேண்டும்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ ஒப்புதலும் இயக்க ஒப்புதலும், திறனுக்கேற்பச் சுற்றுச்சூழல் அனுமதி, கொதிகலன் இருந்தால் கொதிகலன் ஆய்வுத் துறையின் சான்று, மின் ஆய்வாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, கடலோரமானால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி. எல்லாவற்றுக்கும் முன்பே கிராம சபையில் போய்ப் பேசுங்கள். 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு, பேசாமல் குழாய் பதிக்கலாம் என்று யாராவது நினைத்தால் அவர் டெல்டாவை அறியாதவர்.

7. குழாயும் வாயு சுத்திகரிப்பும்

வாயு கிணற்றிலிருந்து நேராக இயந்திரத்துக்குப் போகாது. முதலில் நீரையும் எண்ணெய்த் துளிகளையும் பிரிக்கும் தொட்டி. அப்புறம் ஃபில்டர், சூடேற்றி, அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், மீட்டர், அவசர அடைப்பு வால்வு. இவை எல்லாவற்றையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தி வருவதை ஸ்கிட் என்பார்கள்.

சூடேற்றியை வேண்டாத செலவு என்று வெட்டிவிட ஆசை வரும். வெட்டாதீர்கள். அழுத்தம் குறையும்போது வாயு குளிரும், குளிர்ந்தால் கனமான வாயுக்கள் துளிகளாகும். ஒரு துளி திரவம் டர்பைனுக்குள் போய் எரிந்தால் அந்த இடத்தில் பிளேடு கருகிவிடும். துளியாகும் வெப்பநிலையைவிடச் சுமார் 28 டிகிரி கூடுதல் சூட்டில் வாயு வர வேண்டும் என்று டர்பைன் தயாரிப்பாளர்கள் கேட்பது அதனால்தான்.

ஈரத்தைப் பிரிப்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. 2014 ஜூன் 27 அதிகாலையில் ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில் வாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு ஓடியது. தேங்கிய நீர் குழாயை உள்ளிருந்தே அரித்துவிட்டது. எனவே ஈரப்பதம் அளக்கும் கருவி, குழாயைச் சுத்தம் செய்யும் 'பிக்' அனுப்பும் வசதி, துருத் தடுப்பு மின்னோட்டம், குழாய்ச் சுவரின் கனத்தை ஆண்டுதோறும் அளப்பது ஆகியவற்றைச் சிறிய நிலையம்தானே என்று விடக் கூடாது. 2 கிலோமீட்டர் குழாயானாலும் அது யாரோ ஒருவரின் வீட்டுக் கொல்லை வழியாகத்தான் போகிறது.

சமையல் சிலிண்டரில் வரும் நாற்றம் இந்தக் குழாயில் இருக்காது. வாசனை சேர்க்காத வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியாது, கருவிதான் சொல்ல வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே போகும். அதனால் உணரிகளைக் கூரைப் பக்கம் வைப்பார்கள். கனமான வாயுக்கள் கலந்திருந்தால் தரைமட்டத்திலும் வைக்க வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் தீப்பிடிக்கும். அதற்கு வெகு முன்பே அலாரம் அடித்து வால்வு தானாக அடைபட வேண்டும்.

8. தொகுப்போடு இணைப்பு

5 மெகாவாட் அளவில் 11 கே.வி., அல்லது 22, 33 கே.வி. போதும். அதற்கு மேல் போனால் 110 கே.வி. இணைப்பு. இங்கே கவனமெல்லாம் ரிலேக்களில் (கோளாறைக் கண்டதும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிகள்) இருக்க வேண்டும். கிராமப்புற லைன் அடிக்கடி டிரிப் ஆகும்: தென்னை மட்டை விழும், காற்றில் கம்பிகள் உரசும். ஒவ்வொரு தடவையும் நிலையம் சேர்ந்து விழுந்தால் ஊருக்கு அதனால் லாபமில்லை.

அதற்காகத்தான் தனித்தீவு ஓட்டம். வெளித்தொகுப்பு போனதும் எல்லை பிரேக்கர் திறக்கும். லோடு அதிகமான ஃபீடர்கள் தாமாகக் கழன்றுகொள்ளும். மருத்துவமனை, குடிநீர் நிலையம் உள்ள ஃபீடர்களோடு நிலையம் தனியாக 50 ஹெர்ட்ஸில் நிற்கும். காகிதத்தில் இது எல்லாத் திட்டத்திலும் இருக்கும். எந்த ஃபீடரை முதலில் கழற்றுவது என்று மின்வாரியத்தோடு எழுதி ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது நிஜமாகப் பிரேக்கரைத் திறந்து பார்த்தால்தான் அது நடக்கும். முழு இருட்டிலிருந்து தானாகக் கிளம்ப ஒரு டீசல் ஜெனரேட்டரும் நல்ல பேட்டரி வரிசையும் வேண்டும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பக்கத்திலேயே மின்நிலையம் இருந்தாலும் கம்பமும் கம்பியும் நின்றால்தான் வீட்டில் விளக்கு எரியும். மருத்துவமனைக்கும் குடிநீருக்குமான அந்த ஒன்றிரண்டு லைன்களையாவது நிலத்தடிக் கேபிளாகப் போடச் செலவு ஒதுக்குங்கள்.

9. முதல் ஓட்டம்

குழாய்களை நீர் நிரப்பி, இயங்கும் அழுத்தத்துக்கு மேலே ஏற்றிச் சோதிக்க வேண்டும். பிறகு உலர்த்தி, நைட்ரஜனால் காற்றை வெளியேற்றி, அதன் பின்பே வாயு விட வேண்டும். குழாய்க்குள் இருக்கும் துருவையும் வெல்டிங் கசடையும் ஊதி வெளியேற்றக் காற்றையோ நைட்ரஜனையோ பயன்படுத்துங்கள். வாயுவையே வைத்து ஊதும் பழக்கம் முன்பு இருந்தது. 2010 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த கிளீன் எனர்ஜி மின்நிலையத்தில் அப்படி ஊதியபோது வெடித்து 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கால அட்டவணை நெருக்குகிறது என்று ஒப்பந்ததாரர் கேட்டாலும் இதில் இடம் கொடுக்காதீர்கள்.

டர்பைன் கிளம்பும் வரிசை: ஸ்டார்ட்டர் மோட்டாரோ டீசல் என்ஜினோ சுழற்றிவிடும். உள்ளே தேங்கிய வாயு காற்றோடு வெளியேறும். கொதிகலன் சேர்ந்திருந்தால் அதன் கொள்ளளவைப்போல 5 மடங்கு காற்றாவது போக வேண்டும். அதன் பின்பே பற்றவைப்பு. வேகம் ஏறியதும் ஸ்டார்ட்டர் கழன்றுகொள்ளும். பிறகு மின்னழுத்தம், அலைவெண், கட்ட வரிசை, கட்டக் கோணம் நான்கும் தொகுப்போடு பொருந்தும் நொடியில் பிரேக்கர் மூடும்.

ஒப்படைப்புக்கு முன் திறமைச் சோதனையை உங்கள் வாயுவில், உங்கள் ஊர் வெயிலில் செய்துபார்க்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மே மாதத்தில் செய்தால் இன்னும் நல்லது.

10. அன்றாடம்

ஒரு ஷிப்டுக்குக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர், வெளியே சுற்றிவர ஒருவர், மின்பிரிவில் ஒருவர். சின்ன நிலையத்துக்கு இதுவே குறைந்தபட்சம். மணிக்கொருமுறை பார்க்க வேண்டிய எண்களில் எனக்கு முக்கியமானது ஒன்றுதான்: ஒரு யூனிட்டுக்கு எத்தனை கன மீட்டர் வாயு போகிறது. 0.25-இல் இருந்தது 0.27-க்கு நகர்ந்தால் எங்கோ எதுவோ கெட்டுவருகிறது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், கம்ப்ரசரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பிளக் தேய்ந்திருக்கலாம், இல்லை மீட்டரே பொய் சொல்லலாம்.

பெரிய வகை வாயு டர்பைனில் 8,000 மணிக்கொருமுறை எரியறைச் சோதனை, 24,000-இல் சூடான பாதைச் சோதனை, 48,000-இல் முழுப் பிரிப்பு என்பது வழக்கமான வரிசை. அடிக்கடி நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் இந்த மணிக்கணக்கு சுருங்கும். பிளேடு செட் ஒன்று வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் உதிரிபாகத்தைப் பழுதுக்குப் பின் தேடாமல் முன்பே வாங்கி வையுங்கள்.

டர்பைன் கூட்டுக்குள் தீயணைக்கக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள் இருக்கும். உள்ளே ஆள் இருக்கும்போது அது திறந்துகொண்டால் தீயைப்போல ஆளும் அணைந்துவிடுவார். பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே போகிறவர் தன் பையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

11. யூனிட் என்ன விலை?

2023 ஏப்ரலில் இருந்து பழைய வயல்களின் உள்நாட்டு வாயு விலை, கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. அதற்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்தார்கள். தொடக்கத்தில் மேல் எல்லை ஒரு எம்.எம்.பி.டி.யு.வுக்கு 6.5 டாலர், 2025 ஏப்ரலில் அது 6.75 ஆனது. ஒரு எம்.எம்.பி.டி.யு. என்பது 2,52,000 கிலோ கலோரி, அதுவும் மொத்த வெப்ப மதிப்பில். நிகர மதிப்பில் 42 சதவீதம் என்று சொல்லப்படும் என்ஜின், இந்தக் கணக்கில் 38 சதவீதம் ஆகிவிடும். ஒரு எம்.எம்.பி.டி.யு.வுக்குச் சுமார் 111 யூனிட். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 5 ரூபாய் 15 காசு. இதே வாயுவைத் தனி டர்பைனில் எரித்தால் 7 ரூபாய் 75 காசு வரும். இறக்குமதி வாயு 12 டாலர் என்றால் என்ஜினிலேயே 9 ரூபாயைத் தாண்டும். இதற்கு மேல் குழாய்க் கட்டணம், வாட் வரி, கடன் வட்டி, சம்பளம். இயற்கை எரிவாயு இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் வாட் வரியைத் திரும்பப் பெற முடியாது.

பகலில் சூரிய மின்சாரம் இதில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. அதனால் இன்று புதிதாகத் திட்டமிடுகிறவர் நாள் முழுவதும் ஓட்டும் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல், மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை வரை மட்டும் ஓட்டினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படியானால் பகல் வாயுவை வாங்கிக்கொள்ள வேறொருவர் வேண்டும், அல்லது கிணற்றின் ஓட்டத்தைப் பகலில் ஓரளவு மட்டுப்படுத்த வாயு நிறுவனம் சம்மதிக்க வேண்டும். என்ஜின் சில நிமிடங்களில் கிளம்பி நிற்கும் என்பதால் அதற்கு இது ஒத்துவரும். கொதிகலனும் நீராவி டர்பைனும் தினமும் அணைத்து எழுப்பப்படுவதை விரும்பாது.

12. வாயு இறங்கும்போது

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிணறுகளின் கணக்கைப் புதுப்பியுங்கள். ஐந்து என்ஜின் வைத்திருந்தால் வாயு 20 சதவீதம் குறையும்போது ஒன்றை நிறுத்தி, அதை மற்ற நான்குக்கும் உதிரிபாகக் கிடங்காக்காமல், ஓடும் நிலையிலேயே விற்றுவிடுங்கள். ஓடும் என்ஜினுக்கு விலை உண்டு, பிரித்துப்போட்டதைப் பழைய இரும்புக்காரர்தான் கேட்பார். கடைசி இரண்டு என்ஜின்களை எரு, சாக்கடைக் கழிவு வாயுவுக்கு மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தத்திலும் திறன் ஆண்டுவாரியாகக் குறையும் அட்டவணை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிணறு வற்றியதற்கு மின்நிலையம் அபராதம் கட்ட வேண்டிவரும். மூடும் காலத்தில் குழாயை நைட்ரஜனால் நிரப்பி அடைக்கவும், நிலத்தைப் பழையபடி உழுநிலமாக்கித் தரவும் ஆகும் தொகையை முதல் ஆண்டிலிருந்தே யூனிட்டுக்குச் சில காசு என்று தனிக் கணக்கில் ஒதுக்கி, அந்தக் கணக்கின் ஆண்டு அறிக்கையின் பிரதி ஒன்றை ஊராட்சிக்கும் கொடுங்கள்.